தினமும் ஆங்கிலமும் வரலாறும்: பாடக்குறிப்பை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வழி உண்டா?

மூன்றாம்_பீரியட் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். உயர்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம், வரலாறு இரண்டையும் ஒரே ஆள் எடுக்க வேண்டிய நிலை. தினமும் நாலு பீரியட், ஒவ்வொன்றும் 45 நிமிஷம். பாடக்குறிப்பு எழுதவே மூணு மணி நேரம் பிடிக்கிறது. அப்படி எழுதியும், ஒரு நாள் பாதிக் குறிப்பு மிச்சமாகிறது, மறுநாள் பத்து நிமிஷம் முன்பே சரக்கு தீர்ந்து கையைப் பிசைய வேண்டியிருக்கிறது.

குறிப்பில் எவ்வளவு எழுத வேண்டும்? பேசப்போவதை எல்லாம் எழுதினால் கை ஒடிகிறது. வெறும் தலைப்புகளை எழுதினால் வகுப்பில் தடுமாறுகிறது. வரலாறு எப்படித் திட்டமிட்டாலும் கதை சொல்லி, புத்தகத்தில் அடிக்கோடு போடச் சொல்வதில்தான் முடிகிறது. ஆங்கிலத்திலோ பாடம் ஒரு பக்கம், இலக்கணம் ஒரு பக்கம், கட்டுரை ஒரு பக்கம் என்று மூன்று வண்டி மூன்று திசையில் ஓடுகிறது. போதாததற்கு 80 நோட்டு திருத்தம்.

இப்போது வரலாற்றில் பிரெஞ்சுப் புரட்சி, ஆங்கிலத்தில் பாசிவ் வாய்ஸ். இவற்றையே உதாரணமாக வைத்துச் சொன்னால் உடனே பயன்படும்.

---

கால_வரிசை:

குறிப்பை மேலிருந்து கீழே எழுதாதீர்கள். கீழிருந்து மேலே எழுதுங்கள். முதலில் எழுத வேண்டியது, கடைசி ஏழு நிமிஷத்தில் மாணவர் நோட்டில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதை. கேள்வியை மட்டும் எழுதி நிறுத்தாமல், ஒரு நல்ல மாணவர் தரக்கூடிய பதிலையும் நீங்களே மூன்று வரியில் எழுதிப் பாருங்கள். அந்த மூன்று வரியை எழுத என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதுதான் அன்றைய பாடம். அதில் வராதது எவ்வளவு சுவையான தகவலாக இருந்தாலும் அன்றைக்குத் தேவையில்லை. குறிப்பு நீளமாவதற்கு முக்கால்வாசிக் காரணம், எதை விடுவது என்று முடிவு செய்யாமல் எழுத உட்காருவதுதான்.

அடுத்து மணிக்கணக்கு. 45 நிமிஷ பீரியடில் உங்கள் கையில் இருப்பது 38. உட்கார்ந்து வருகைப்பதிவு எடுக்க 3, தாள் கொடுக்க வாங்க 2, முடிவில் மூட்டை கட்ட 2 என்று ஏழு நிமிஷம் போய்விடும். 45-க்குத் திட்டம் போட்டால் அந்த ஏழு நிமிஷம் வெட்டுப்படுவது எப்போதும் கடைசியில் இருக்கும் எழுத்து வேலைதான். அதாவது பாடத்தின் உயிர் எதுவோ அது.

38-ஐ இப்படிப் பிரிக்கலாம்: பழைய பாடத்திலிருந்து கேள்விகள் 5, நீங்கள் விளக்குவது 10, மாணவர் செய்யும் வேலை 12, அதைச் சரிபார்ப்பது 4, கடைசி எழுத்து 7. இந்த விகிதம் இரண்டு பாடத்துக்கும் ஏறக்குறைய ஒத்துவரும்.

இனி உங்கள் புரட்சிப் பாடத்துக்கே வருவோம். "பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்கள்" என்று ஒரு பீரியடுக்குத் தலைப்பு வைத்தால் அது அடிக்கோடு பாடமாகத்தான் முடியும். அது தலைப்பு, கேள்வி அல்ல. பீரியடுக்கு ஒரு கேள்வி வேண்டும், அதுவும் கேட்டதும் சற்று விசித்திரமாகத் தெரிய வேண்டும். உதாரணம்: "1789 மே 5 அன்று கூடிய சபை, ஓட்டை எப்படி எண்ணுவது என்பதற்காக ஏன் ஆறு வாரம் முட்டிக்கொண்டு நின்றது?"

விளக்க வேண்டியது கொஞ்சம்தான். எஸ்டேட்ஸ் ஜெனரல் என்ற அந்தப் பிரதிநிதிகள் சபை 1614-க்குப் பிறகு அப்போதுதான் கூடுகிறது. மூன்று பிரிவுகள்: மதகுருமார், பிரபுக்கள், மற்ற எல்லோரும். பிரதிநிதிகள் முதல் இரு பிரிவிலும் ஏறத்தாழ 300 பேர் வீதம், மூன்றாம் பிரிவில் ஏறத்தாழ 600. பழைய வழக்கப்படி பிரிவுக்கு ஒரு ஓட்டு. மூன்றாம் பிரிவு கேட்பது தலைக்கு ஒரு ஓட்டு. இதைச் சொல்ல எட்டு நிமிஷம் போதும்.

பிறகு வகுப்பையே சபையாக்குங்கள். 40 பேர் என்றால் 10, 10, 20. தீர்மானம்: முதல் இரு பிரிவின் வரிச்சலுகை ரத்து. முதலில் பிரிவுக்கு ஒரு ஓட்டு என்று எண்ணுங்கள், 2-க்கு 1 என்று தோற்கும். மறுபடி தலைக்கு ஒரு ஓட்டு, 20-க்கு 20. இந்த இடத்தில் நிறுத்தி, மதகுருமார் வரிசையிலிருந்து மூன்று பேரை எழுப்பி "நீங்கள் கிராமப் பங்குச் சாமியார்கள், வருமானம் சொற்பம், உங்கள் ஊர்க்காரர்கள் மூன்றாம் பிரிவில் இருக்கிறார்கள், என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அந்த மூவர் கட்சி மாறியதும் 23-க்கு 17. ஓட்டு எண்ணும் முறைக்குள் முழு அதிகாரமும் ஒளிந்திருப்பது அவர்களுக்குக் கண்ணெதிரே தெரிந்துவிடும். மதகுருமாரில் சிலர் அந்த ஜூனில் நிஜமாகவே மூன்றாம் பிரிவோடு சேர்ந்தார்கள். ஜூன் 17-இல் அது தன்னைத் தேசிய சபை என்று அறிவித்துக்கொண்டது, 20-இல் டென்னிஸ் மைதான உறுதிமொழி. இந்த மூன்றையும் போர்டில் ஒரே வரியாக எழுதிவிடலாம்.

இதில் கெட்டுப்போகும் இடம் எது தெரியுமா? நடிப்பு கலகலப்பாகப் போகும், மணி அடிக்கும், வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் கேட்டால் யார் சாமியாராக நின்றார்கள் என்பது மட்டும் நினைவிருக்கும். ஆகவே ஓட்டெடுப்பு முடிந்த கையோடு உட்கார வைத்து எழுத்து. கேள்விக்கு மூன்று வாக்கியத்தில் பதில், "தலைக்கு ஒரு ஓட்டு", "பிரிவுக்கு ஒரு ஓட்டு", "பெரும்பான்மை" மூன்றும் வந்தாக வேண்டும். அந்த நேரத்தில் பேச்சு கிடையாது.

குறிப்பில் எவ்வளவு எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். ஒரே பக்கம். முழு வாக்கியமாக எழுத வேண்டியவை மூன்று வகை மட்டும்: வகுப்பில் கேட்கப்போகும் முக்கியக் கேள்விகள் (மூன்றோ நான்கோ, அதற்கு மேல் வேண்டாம்), வேலை கொடுக்கும்போது சொல்லும் கட்டளை, கடைசி எழுத்தும் அதன் மாதிரிப் பதிலும். மற்றதெல்லாம் சொற்களாக இருந்தால் போதும். கேள்வியை அந்த நேரத்தில் யோசித்துக் கேட்டால் "அப்புறம் என்ன ஆச்சு?" என்பதுதான் வாயில் வரும். கட்டளையும் அப்படித்தான். "இதைப் பற்றி டிஸ்கஸ் பண்ணுங்க" என்றால் நாற்பது பேரும் நாற்பது வேலை செய்வார்கள். "பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து, இரண்டு நிமிஷத்தில், ஒரு காரணத்தை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்" என்று சொன்னால் என்ன, யாரோடு, எவ்வளவு நேரம், கையில் என்ன இருக்க வேண்டும் நான்கும் அடங்கிவிடும்.

---

சிவப்பு_மை:

ஆங்கிலப் பக்கத்துக்கு என் பங்கு.

மூன்று வண்டியை ஒன்றாகக் கட்ட ஒரே வழி, ஒரு பனுவலை எடுத்து மூன்று நான்கு நாள் அதிலேயே நிற்பது. முதல் நாள் படித்துப் பொருள். இரண்டாம் நாள் அதே பக்கத்திலிருந்து இலக்கணம். மூன்றாம் நாள் அந்த இலக்கணத்தை வைத்துப் பத்தி. நான்காம் நாள் திருத்தி எழுதுவது. தினமும் புதுப் பனுவல் எடுத்தால் ஒவ்வொரு பீரியடிலும் பாதி நேரம் சொற்பொருள் சொல்வதிலேயே கரைந்துவிடும்.

உங்களுக்கோ இரட்டை வசதி. வரலாற்றுப் பாடமே அந்தப் பனுவலாகலாம். வரலாற்று வகுப்பில் விஷயம் தெரிந்தாகிவிட்டது, ஆங்கில வகுப்பில் மொழியை மட்டும் பார்த்தால் போதும். எதைப் பற்றி எழுதுவது, எப்படி எழுதுவது என்று இரண்டோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பாசிவ் வாய்ஸை எடுங்கள். பாடப்புத்தகப் பயிற்சிகளில் ராமன் மாம்பழம் சாப்பிட்டான், மாம்பழம் ராமனால் சாப்பிடப்பட்டது. மாணவருக்கு அது வெறும் வார்த்தை இடமாற்றம். பாசிவ் எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. வரலாற்று நடையில் அது ஏன் வருகிறது என்று காட்டிவிட்டால் விஷயம் பிடிபட்டுவிடும். நாலு வாக்கியம் எழுதுங்கள், எல்லாம் 'வாஸ்' அல்லது 'வேர்' போட்டவை: வரிகள் விதிக்கப்பட்டன, நிதியமைச்சர் நெக்கர் பதவி நீக்கப்பட்டார், பாஸ்டில் சிறைக்கோட்டை கைப்பற்றப்பட்டது, சலுகைகள் ஒழிக்கப்பட்டன. ஒவ்வொன்றின் முடிவிலும் 'பை' போட்டு யாரால் என்று நிரப்பச் சொல்லுங்கள். நெக்கருக்கு 'பை தி கிங்' என்று உடனே வரும். பாஸ்டிலுக்கு வந்ததும் வகுப்பு பிரியும்: கூட்டம், மக்கள், கலகக்காரர்கள், பாரிஸ்வாசிகள். எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் எழுதியவர் 'பை'யையே விட்டுவிட்டார் என்பது அங்கே புரியும். இலக்கணமும் வரலாறும் ஒரே கேள்வியில் முடிந்தது.

இதே பாடத்தில் நிச்சயம் வரப்போகும் ஒரு தப்பை முன்கூட்டியே குறிப்பில் எழுதி வையுங்கள். ரொட்டி விலை உயர்ந்ததைச் சொல்ல வந்து 'வாஸ் ரிஸன்' என்றும், ஒரு சம்பவம் நடந்ததைச் சொல்ல 'வாஸ் ஹேப்பன்ட்' என்றும் எழுதுவார்கள். 'ரைஸ்', 'ஹேப்பன்', 'அக்கர்', 'டை' போன்றவை செயப்படுபொருள் கேட்காத வினைகள், அவற்றுக்குப் பாசிவே கிடையாது. விலை 'ரோஸ்', வரி 'வாஸ் ரெய்ஸ்ட்'. இந்த ஜோடியை மட்டும் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "விலையை யாராவது பிடித்துத் தூக்கினார்களா? வரியை?" என்று கேட்டால் போதும். விதி சொல்லி விளக்கப் போனால் கால் மணி நேரம் ஓடும்.

1614 விஷயமும் இலக்கணத்துக்கு நல்ல தீனி. 1789-இல் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தால் 175 ஆண்டாகக் கூடாத சபை. 'ஹேட் நாட் மெட் ஸின்ஸ் 1614'. பாஸ்ட் பர்ஃபெக்ட்டுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம். காலக்கோடு வரைந்து 1789-இல் ஒரு குச்சி மனிதனை நிறுத்துங்கள். அவன் முதுகுக்குப் பின்னால் இருப்பது 'ஹேட்', அவன் காலடியில் நடப்பது சாதா பாஸ்ட்.

எழுத்துக்கு தினசரி ஐந்து நிமிஷப் பயிற்சி ஒன்று. ஒரே தொடக்கத்தை மூன்று விதமாக முடிக்க வேண்டும்: 'பிகாஸ்', 'பட்', 'ஸோ'. 'லூயி கால்டு தி எஸ்டேட்ஸ் ஜெனரல்' (அரசர் லூயி அந்தச் சபையைக் கூட்டினார்) என்று கொடுத்தால், பிகாஸுக்குக் கஜானா காலி, பட்டுக்கு ஓட்டு முறையை அவர் தீர்மானிக்கவில்லை, ஸோவுக்கு ஊர் ஊராகக் குறைப்பட்டியல் எழுதினார்கள். பிகாஸ் எல்லோருக்கும் வரும். பட்டில்தான் சிக்குவார்கள், ஏனென்றால் எதிர்த் திசையில் ஒன்று தெரிந்திருந்தால்தான் அதை முடிக்க முடியும். யார் பாடத்தைக் கேட்டார், யார் மனப்பாடம் செய்தார் என்பதும் அங்கேயே அம்பலம்.

புதுச் சொற்கள் ஒரு பீரியடுக்கு ஐந்து, மிஞ்சினால் ஆறு. அதில் இரண்டு மட்டும் மாணவர் தாமே எழுதிப் பயன்படுத்த வேண்டியவை, மீதி படித்தால் புரிந்தால் போதும். பதினைந்து சொல்லை இடப்பக்கம் வலப்பக்கம் அர்த்தத்தோடு காப்பி அடிக்க வைப்பது நேரம் போக்குவதற்கு நல்ல வழி, வேறு ஒன்றுக்கும் உதவாது.

---

மூன்றாம்_பீரியட்:

கால_வரிசை சார், சிவப்பு_மை மேடம், மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ஒரே பாடம் இரண்டு செக்‌ஷனுக்கு எடுக்கும்போது ஒன்று ஓடுகிறது, ஒன்று நகர மாட்டேன் என்கிறது. மூன்றாவது நாளில் எந்தச் செக்‌ஷனில் எங்கே விட்டேன் என்பதே குழப்பம். அப்புறம் அந்தத் திருத்தம். தினமும் கடைசியில் எழுத்து வைத்தால் நோட்டு மலை இன்னும் உயரும் அல்லவா?

---

வெள்ளி_மாலை:

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். நிமிஷத்துக்கு நிமிஷம் பிரித்த குறிப்பை வகுப்பில் யாரும் பார்ப்பதில்லை, பார்த்தால் பதற்றம்தான் மிச்சம். கடிகார நேரமாக இரண்டை மட்டும் ஓரத்தில் பெரிதாக எழுதுங்கள். மாணவர் வேலையைத் தொடங்க வேண்டிய நேரம், கடைசி எழுத்து தொடங்க வேண்டிய நேரம். 10:15-க்குப் பீரியட் தொடங்கினால் 10:34, 10:51. அந்த நேரம் வந்தால் நடுவாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்துவது. மற்ற இடத்தில் நெளிவு சுளிவு இருக்கட்டும்.

தினமும் குறிப்பு எழுதுவதுதான் உங்கள் மூணு மணி நேரத்துக்குக் காரணம். வாரத்துக்கு ஒரே தடவை உட்காருங்கள். ஒரு தாளில் ஐந்து நாள் கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைய கேள்வியும் கடைசி எழுத்தும் மட்டும். இதுதான் யோசிக்கிற வேலை. ஐந்து கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் செவ்வாய்க்குத் தேவையானது வியாழனில் உட்கார்ந்திருப்பது தெரியும். தனித்தனியாக எழுதும்போது தெரியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் குறிப்பும் பதினைந்து இருபது நிமிஷம்.

ஐந்து கட்டத்தில் நான்கை மட்டும் நிரப்புங்கள். ஐந்தாவது காலி. விடுமுறை, விழா ஒத்திகை, மருத்துவப் பரிசோதனை, திடீர் கூட்டம் என்று ஏதாவது ஒன்று ஒரு பீரியடைத் தின்றே தீரும். தின்னாத வாரத்தில் அந்த நாளில் பின்தங்கியதை மறுபடி எடுக்கலாம். முழுக்க நிரப்பிய அட்டவணை இரண்டாவது வாரத்திலேயே பொய்யாகிவிடும், மூன்றாவது வாரத்தில் அதை நீங்களே பார்க்க மாட்டீர்கள்.

இரண்டு செக்‌ஷன் குழப்பத்துக்கும் அந்தக் காலிக் கட்டமே மருந்து. இரண்டும் ஒரே வேகத்தில் போக வேண்டாம், வாரத்தில் ஒரு நாள் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றால் போதும். ஓடுகிற செக்‌ஷனுக்கு அன்று கூடுதலாக ஒரு மூல ஆவணம், மெதுவான செக்‌ஷனுக்கு விட்டுப்போன எழுத்து. குறிப்புத் தாளின் ஓரத்தில் செக்‌ஷனுக்கு ஒரு நிறப் பேனா. எங்கே நிறுத்தினீர்களோ அங்கே அந்த நிறத்தில் ஒரு கோடு, பக்கத்தில் நாலு வார்த்தை: "பட் வரவில்லை", "தேதி குழப்பம்". வகுப்பை விட்டு வெளியே வருவதற்குள் எழுதிவிட வேண்டும். அடுத்த பீரியடுக்குள் நுழைந்துவிட்டால் அது மறந்த கதை.

---

சிவப்பு_மை:

திருத்தம் பற்றி: கடைசி எழுத்தை நோட்டில் வாங்காதீர்கள், கால் தாள் சீட்டில் வாங்குங்கள். வாசலில் நின்று வாங்கிக்கொள்ளலாம். 40 சீட்டைத் திருத்த வேண்டாம், பிரிக்க வேண்டும். படித்து மூன்று குவியல்: வந்துவிட்டது, பாதி, வரவில்லை. சீட்டுக்குப் பத்துப் பதினைந்து நொடி, பத்து நிமிஷத்தில் முடியும். மார்க் இல்லை, சிவப்பு மை இல்லை (என் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்).

பாதிக் குவியலில் மூன்று பேருக்கு மேல் செய்த ஒரு தப்பு எது என்று பாருங்கள். மறுநாள் முதல் ஐந்து நிமிஷத்தில் அதே தப்புள்ள ஒரு வாக்கியத்தை, பெயர் இல்லாமல், நீங்களே சற்று மாற்றி போர்டில் எழுதி எல்லோரையும் சரிசெய்யச் சொல்லுங்கள். இதில் இன்னொரு லாபம், அடுத்த நாள் குறிப்பின் தொடக்கம் தானாக எழுதப்பட்டுவிடுகிறது. வரவில்லைக் குவியல் பாதி வகுப்பைத் தாண்டினால் பாடத்தில்தான் கோளாறு. அடுத்ததுக்குத் தாவாமல் காலிக் கட்டத்தில் அதையே வேறு உதாரணத்தோடு எடுங்கள்.

முழுத் திருத்தம் இரண்டு வாரத்துக்கு ஒரு நீண்ட கட்டுரைக்கு மட்டும். அதிலும் எல்லாத் தப்பையும் வட்டமிட வேண்டாம். அந்த இரண்டு வாரம் நடத்திய இரண்டு விஷயத்தை மட்டும், உதாரணமாகப் பாசிவும் பத்தியின் முதல் வாக்கியமும். மற்ற தப்பு கண்ணை உறுத்தும், உறுத்தட்டும். பக்கம் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தால் மாணவர் மார்க்கைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார். சரியான வடிவத்தை நீங்கள் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். ஓரத்தில் 'பா' என்று போட்டால் அந்த வரியில் பாசிவில் கோளாறு, எங்கே என்று அவரே தேடட்டும். தேடுவதற்கு வகுப்பிலேயே பத்து நிமிஷம் ஒதுக்க வேண்டும். வீட்டில் பார்க்கச் சொன்னால் பார்க்க மாட்டார்கள்.

---

ஓலைச்சுவடி:

மூல ஆவணம் என்று ஒரு வார்த்தை மேலே வந்தது. வரலாற்றுப் பாடத்தில் அடிக்கோட்டை உடைக்க அதுதான் நல்ல கருவி, ஆனால் பெரும்பாலும் அளவில் தப்பு நடக்கிறது. ஒரு பக்க ஆவணம் கொடுத்தால் பாதிப் பேர் முதல் பத்தியைத் தாண்ட மாட்டார்கள். 80 முதல் 120 சொல் போதும். வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி, கடினச் சொல்லுக்குக் கீழே பொருள், மேலே யார் எப்போது யாருக்காக எழுதியது. முதலில் நீங்கள் ஒரு தடவை சத்தமாகப் படியுங்கள், பிறகு அவர்கள் தனியாக, கையில் பென்சிலோடு. நகல் எடுக்க வசதி இல்லையென்றால் மணி அடிப்பதற்கு முன்பே போர்டில் எழுதி மூடி வைக்கலாம், அப்போது 40 சொல்லுக்கு மேல் போகக் கூடாது.

ஒரே சொல்லில் ஒரு ஆவணம் சொல்லட்டுமா? 1789 ஜூலை 14, பாஸ்டில் விழுந்த நாள். அன்றைக்குப் பதினாறாம் லூயி தன் குறிப்பேட்டில் எழுதியது "ஒன்றுமில்லை". வகுப்பில் இதைப் போட்டதும் "பாருங்க சார், ராஜாவுக்கு ஒண்ணுமே தெரியல" என்று ஒரே குரலில் வரும். கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள், இரண்டு வரி எழுதக்கூடச் சொல்லுங்கள். பிறகு அடுத்த தகவல்: அந்தக் குறிப்பேட்டில் அவர் பெரும்பாலும் பதிந்து வந்தது வேட்டைக் கணக்கு. "ஒன்றுமில்லை" என்றால் அன்றைக்கு வேட்டை இல்லை. எழுதிய இரண்டு வரியை இப்போது திருத்தச் சொல்லுங்கள். ஓர் ஆவணம் எதற்காக எழுதப்பட்டது என்று தெரியாமல் அது சொல்வதை நம்பக் கூடாது என்று நீங்கள் வாயால் சொல்லத் தேவையே இல்லை.

இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. இரண்டு தகவலையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் அது வெறும் துணுக்கு. நடுவில் அவர்கள் தப்பாக எழுதும் அந்த மூன்று நிமிஷம்தான் பாடம். குறிப்பில் "சொல்லாதே" என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

---

மூன்றாம்_பீரியட்:

நாளைக்கு உட்கார்ந்து எழுதிய குறிப்பு இது. தயவு பார்க்காமல் வெட்டுங்கள்.

நோக்கம்: பாஸ்டில் வீழ்ச்சியின் காரணங்களை மாணவர்கள் அறிந்துகொள்வர்.
பழைய கேள்விகள் ஐந்து, 5 நிமிஷம்.
காரணங்களை விளக்குவது, 12 நிமிஷம்.
வீடியோ, 9 நிமிஷம்.
குழுவாகப் போஸ்டர், 12 நிமிஷம்.
சீட்டு: "பாஸ்டில் ஏன் வீழ்ந்தது?" 7 நிமிஷம்.

---

கால_வரிசை:

கூட்டிப் பாருங்கள், சரியாக 45. உங்களிடம் இருப்பது 38. வெட்ட வேண்டிய ஏழு நிமிஷத்தை நாளைக்கு வகுப்பே வெட்டும், சீட்டு போய்விடும்.

வீடியோவை எடுத்துவிடுங்கள். நீங்கள் 12 நிமிஷம் சொன்னதையே அது 9 நிமிஷம் திரும்பச் சொல்கிறது. போட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு நிமிஷத் துண்டு, அதுவும் பார்க்கும் முன்பே ஒரு கேள்வி கொடுத்து.

போஸ்டரில் ஐந்து பேரில் ஒருவர் எழுதுவார், ஒருவர் வண்ணம் தீட்டுவார், மூவர் ஆலோசனை சொல்வார்கள். அதற்குப் பதில் ஆறு அட்டைகள்: அமெரிக்க விடுதலைப் போருக்குக் கொடுத்த உதவியால் ஏறிய கடன், 1788-இன் மோசமான அறுவடை, உச்சத்துக்குப் போன ரொட்டி விலை, பாரிஸைச் சுற்றிக் குவிந்த படைகள், ஜூலை 11-இல் நெக்கரின் பதவி நீக்கம், 14 காலையில் இன்வாலிட் மாளிகையில் துப்பாக்கி கிடைத்தும் வெடிமருந்து இல்லாத நிலை. தாளில் மூன்று நெடுவரிசை: ஆண்டுகளாக, மாதங்களாக, நாட்களாக. இருவர் இருவராக அடுக்கட்டும். ரொட்டி விலை எந்த வரிசை என்று சண்டை வரும், வர வேண்டும். படைகளுக்கும் அப்படித்தான். தேதி போட்ட அட்டை எல்லாம் எளிதில் உட்கார்ந்துவிடும், தேதி இல்லாததில்தான் யோசனை நடக்கும். ஆகவே எல்லாவற்றிலும் தேதி அச்சடித்துவிடாதீர்கள்.

"அறிந்துகொள்வர்" என்பதை நீங்கள் எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. "ஆறு காரணங்களைக் கால அளவுப்படி பிரித்து, ஒன்றை உடனடிக் காரணமாகத் தேர்ந்து இரண்டு வாக்கியத்தில் நியாயப்படுத்துவர்" என்று எழுதினால் சீட்டைப் பார்த்ததும் நடந்ததா இல்லையா தெரிந்துவிடும்.

பழைய கேள்விகள் ஐந்தையும் நேற்றைய பாடத்திலிருந்தே எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நேற்றிலிருந்து இரண்டு, போன வாரத்திலிருந்து இரண்டு, போன மாதத்திலிருந்து ஒன்று. நோட்டை மூடி வைத்து எழுத மூன்று நிமிஷம், விடை பார்க்க இரண்டு.

சீட்டுக் கேள்வியையும் கொஞ்சம் கூராக்கலாம். "பாஸ்டில் ஏன் வீழ்ந்தது?" என்றால் புத்தக வரிகள் அப்படியே வந்து விழும். "உள்ளே 7 கைதிகள் மட்டுமே இருந்த ஒரு கோட்டையை, ஜூலை 14 அன்று மக்கள் ஏன் தாக்கினார்கள்?" என்று கேளுங்கள். 7 என்ற எண் விடுதலை செய்யப் போனார்கள் என்ற சுலபமான பதிலை அடைத்துவிடும், கடைசி அட்டையில் இருக்கும் வெடிமருந்துக்கு அவர்கள் வந்தே ஆக வேண்டும்.

---

சிவப்பு_மை:

அதே ஆறு அட்டை மறுநாள் ஆங்கிலத்துக்கும் ஆகும். ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியமாக எழுதச் சொல்லி, எதற்கு 'ரோஸ்' வகை, எதற்கு 'வாஸ் டிஸ்மிஸ்ட்' வகை என்று பிரிக்கலாம்.

ஒரே ஒரு விஷயம், அட்டைகளை இன்றைக்கே வெட்டிவிடுங்கள். 40 பேருக்கு 20 செட், ஒவ்வொரு செட்டையும் கலைத்து ஒரு உறையில். உறையின் மேல் எண் போடுங்கள், அட்டையின் பின்புறமும் அதே எண், அப்போதுதான் கீழே கிடக்கும் அட்டை எந்த உறைக்குச் சொந்தம் என்று தெரியும். வகுப்பிலேயே வெட்டிக்கொள்ளட்டும் என்று கத்தரிக்கோல் கொடுத்தால் எட்டு நிமிஷம் அதிலேயே காலி.